பின்னால என்னமோ ஆடுது

வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. துடைத்து மினுக்குவதெல்லாம் டேங்க்கையும் முகப்பு விளக்கையும்தான். வளைவில் ஒருவனைத் தாங்குவதும் தள்ளிவிடுவதும் பின்பக்கம்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே வரும்போது வாசலில் உங்கள் வண்டியைப் பார்த்தேன். வலது பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. அவசரம் ஒன்றுமில்லை, மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு நிதானத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

என் தொழில் அந்தப் பின்பக்கம்தான். எஞ்சின் வேலைக்கு ஊரில் ஆள் நிறைய. ஷாக், ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கை என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஷட்டரைத் தூக்கினால் பட்டறை. பட்டறையின் பின்கதவைத் திறந்தால் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, நானும் தம்பியும். அம்மா போனபோது அவனுக்குத் தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அப்பா வேலை தேடிப் போகிறேன் என்றார், போனவர் போனவர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தெருவில் அவனுக்கு வாலு என்று பெயர். ஓரிடத்தில் நிற்கமாட்டான். சின்ன வயதில் நான் கொஞ்சம் கண்ணசந்தால் தெருக்கோடிக்கு ஓடியிருப்பான். நான் கை நீட்டுகிற ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், தனியாக வருகிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவன் நம்பாத மாதிரி தெரிந்தது. ஒரு நாள் நானே தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இருமினேன். அன்றைக்கு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தவன் அப்புறம் வெகுகாலம் விடவில்லை. உடம்பில் ஒரு கீறல் உண்டா, ஒரு தழும்பு உண்டா? அப்படித்தான் வளர்த்தேன்.

பெரியவனானதும் அவனுக்குக் கிடைத்த வேலை மலைப்பாதையில். மேலே சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்த மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, கீழே இருக்கிற பரிசோதனைக் கூடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெட்டி ஏறியதும் வண்டி பின்னால் அமுங்கிவிடும். முன்சக்கரம் லேசாகிவிடும். வளைவில் ஹேண்டில் சொன்ன பேச்சுக் கேட்காது.

"அண்ணே, படகு ஓட்டுற மாதிரி இருக்கு. ஏதாவது பண்ணேன்" என்றான்.

பண்ணினேன். பழைய ஷாக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் வாயு அடைத்த புதியவை போட்டேன். அவன் எடையையும் பெட்டியின் எடையையும் சேர்த்துப் பார்த்து அதற்கேற்ற ஸ்பிரிங். ஒவ்வொரு ஷாக்கின் அடியிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மேலே எழலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இரண்டையும் காது வைத்துக் கேட்டுச் சமமாக வைத்தேன். சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில், ஆட்டம் இல்லாமல் பிடித்துவைக்கிற புது புஷ் அடித்தேன். பின்பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் உயர்த்தினேன். என் வாழ்நாளில் செய்ததில் சிறந்த வேலை அதுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டான். "என்னண்ணே பண்ணினே? தண்டவாளத்துல போற மாதிரி போகுது!" என் கையெல்லாம் கிரீஸ். அவன் சட்டையில் படாமல் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நல்ல வண்டி தூரம் போகும். அதை நான் யோசித்திருக்க வேண்டும். மலையின் பாதியோடு திரும்பிக்கொண்டிருந்தவன் உச்சி வரை போனான். பிறகு அந்தப் பக்கமும் இறங்கினான். அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூல். அதில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி. பழகுகிற யாரோ சாக்கடையில் இறக்கிய வண்டியைத் தூக்கிவிட இவன் இறங்கியிருக்கிறான். அங்கேதான் ஆரம்பித்தது. ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், இவனும் அப்படியே கூப்பிட்டான். கல்யாணம் நிச்சயமான பிறகும் அப்படித்தான்.

நல்ல பெண். அதை நான் மறுக்கமாட்டேன். முதல் தடவை வந்தபோதே பட்டறைக்குள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, எங்க ஸ்கூல் வண்டிங்களையும் கொஞ்சம் இப்படிப் பண்ணிக் குடுங்க. பிள்ளைங்க விழறதாவது குறையும்" என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி விஷயத்தைச் சொன்னான். பரிசோதனைக் கூடத்தின் கிளை ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் திறக்கிறார்களாம். அங்கேயே வேலையை மாற்றிக்கொண்டு அங்கேயே வீடு பார்க்கப் போகிறார்களாம்.

"நீயும் வந்துடேண்ணே. பட்டறையை அங்க போட்டுக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான், "ரொம்பச் சந்தோஷம்டா" என்றேன். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் வெளியே போனதும் பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டைக் கழுவி வைத்து, இரண்டாவது தட்டைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்று தோன்றியது. இந்த வீட்டில் நான் வழுக்கி விழுந்து கிடந்தால் முதலில் தெரியவருவது பஞ்சர் ஒட்ட வருகிற எவனுக்கோதான். அதுவும் ஷட்டர் திறந்திருந்தால். குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தேன். பயம் எனக்கு அப்படித்தான் வந்தது, கையில் சோப்பு நுரையோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டியை நான் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைப்பது வழக்கம். அந்த ஞாயிறு இடது பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். வேறொன்றும் இல்லை. நான் கொடுத்ததில் ஒரு துளியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மலை வளைவில், வேகத்தில், பெட்டியின் பாரத்தோடு சாயும்போது ஒரு பக்கம் முந்தி எழும், இன்னொரு பக்கம் பிந்தும். வண்டியின் வால் ஒரு தடவை உதறும். பயந்தால் மெதுவாகப் போவான். மெதுவாகப் போகிறவன் தூரம் போகமாட்டான். இதில் தப்பென்ன?

இரண்டு நாளில் வந்து நின்றான். "அண்ணே, பின்னால என்னமோ ஆடுது."

அவன் கண்ணெதிரே வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "நல்லாத்தானேடா இருக்கு" என்றேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "உனக்குத் தலை ஏதும் சுத்துதா?" என்று கேட்டேன்.

கேட்கத்தான் செய்தேன். சுற்றுகிறது என்று நான் சொல்லவில்லை.

அவன் யோசித்தான். ஒரு மனிதனிடம் தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு அவனை யோசிக்கவிட்டால் போதும். மறுநாள் அவனே, "காலைல எந்திரிக்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சுண்ணே" என்றான். அடுத்த வாரம் மூட்டில் இருந்த புது புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டுத் தேய்ந்த ஒன்றைப் போட்டேன். வால் உதறுவது போய் நெளிய ஆரம்பித்தது. என்னிடம் வண்டியைக் காட்டும் முன்னால் அவன் தன் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதுக்குள் ஏதோ இருந்தால்கூட இப்படி வரும் என்று பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அவனுக்குப் பயம் கூடியது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. வாசற்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு நாள் மதியம், வண்டியைத் தக்காளி ஏற்றிய லாரியில் போட்டுக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்து வந்தான். வளைவு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தானாம், லாரிக்காரர் சொன்னார். நான் அவனை உட்காரவைத்து, கையில் தண்ணீர் ஊற்றி, முகத்தைத் துடைத்துவிட்டேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வெகு வருஷம் கழித்து.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு வாரம் எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்து வைத்தேன். புது புஷ், சமமான திருகு, எல்லாம். சோதித்துப் பார்க்கத்தான். அவன் மலைக்குப் போய்விட்டு, சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்ட, "இன்னிக்கும் ஆடுச்சுண்ணே" என்று வந்தான். அப்போதுதான் எனக்கு மனசு லேசானது. நோய் நிஜமாகவே இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. மறுநாள் தேய்ந்த புஷ்ஷைத் திரும்பப் போட்டேன்.

டீச்சர் வந்தது அதற்குப் பிறகு, ஒரு பகல் பொழுதில், பஸ்ஸில். தம்பி உள்ளே படுத்திருந்தான். அவனைப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்து சாவியைக் கேட்டாள்.

"சும்மா ஒரு ரவுண்டு, மாமா."

தெருவைச் சுற்றிவிட்டு வருவாள் என்று நினைத்தேன். அவள் போனது மலைப்பாதைக்கு. திரும்பி வர நேரமானது. வந்து வண்டியை நிறுத்தியபோது ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் பளபளவென்று இருந்தன.

"அவருக்கு ஒண்ணும் இல்லை, மாமா. வண்டிதான் ஆடுது. நான் தினமும் பயந்தவங்க பின்னாலயும் பயப்படாதவங்க பின்னாலயும் உக்காந்து போறவ. எது வண்டி, எது ஆளுன்னு எனக்குத் தெரியும்."

"அப்படியா? பார்த்துடலாமே" என்றேன்.

அவள் குனிந்து ஷாக்கைப் பார்த்தாள். முதலில் இடது பக்கம், பிறகு சுற்றி வந்து வலது பக்கம். "இந்தத் திருகு ஒரு பக்கம் இவ்வளவு தளர்ந்திருக்கு, அந்தப் பக்கம் இறுக்கமா இருக்கே. ஏன் மாமா?"

"ரோடு ஒரு பக்கமாச் சரியும்ல. அதுக்கேத்த மாதிரி."

"ஓ" என்றாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்த ஓர் ஓசையிலேயே தெரிந்தது. நிமிர்ந்தாள். என் கையில் ஸ்பானர் இருந்தது, எப்போதும் இருப்பதுதான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, ஷட்டருக்கு வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டாள். குரல் மட்டும் மாறவே இல்லை. அதற்காக அவளை மெச்சத்தான் வேண்டும்.

"எங்க ஊர்ல ஒரு மெக்கானிக் இருக்காரு, மாமா. வண்டியை அவருகிட்ட ஒரு தடவை காட்டிடறேன். நானே ஓட்டிட்டுப் போயிடறேன்."

"தாராளமா. இப்படியே மலை ஏறினா ஆபத்தும்மா. ரெண்டு திருகையும் சமமா வெச்சுத் தர்றேன், அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம் மாமா, இப்படியே இருக்கட்டும்."

"எனக்கு மனசு கேக்காது" என்றேன். அது உண்மை.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினேன். அவள் பார்க்கும்படி இரண்டு திருகையும் சமமாக்கினேன். மூட்டுக்கு கிரீஸ் வைக்க வேண்டும் என்று ஷாக்கின் அடிப்போல்ட்டுகளைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். வெயிலில் நின்றவளுக்கு நிழலுக்குள் என் முதுகுதான் தெரிந்திருக்கும். பயப்படாமல் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். பயம் கெட்டது என்று தம்பியிடம் அடிக்கடி சொல்கிறவள்தான்.

அவள் தனியாகப் போவாள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எதை எழுதினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

அவளோ வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் அவனிடம் மட்டும் பேசினாள்.

"என் பின்னால உக்காருங்க. நான் ஓட்டறேன். எங்க வீட்டுக்குப் போவோம். எதுவும் பேச வேண்டாம், இப்பவே கிளம்புங்க."

"என்னால முடியாது டீச்சர். கீழே விழுந்துடுவேன்."

"என் தோளைப் பிடிச்சுக்கங்க. கண்ணை வேணும்னா மூடிக்கங்க."

அவன் கதவை விடவில்லை. அவள் நீட்டிய கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, போகட்டுமா?"

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பி உள்ளே போய்ப் படுத்துவிடுவான். சின்ன வயதிலிருந்து என் வார்த்தையை அவன் தாண்டியதில்லை. ஆனால் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. அவளுக்கு எதிரே, அவனாகவே, என்னை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லவேண்டும். சொல்வான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

"உன் இஷ்டம்டா" என்றேன்.

அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. அவள் வண்டியைக் கிளப்பினாள். நான் கையைத் தூக்கினேன். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் தூக்கினேன் என்று இப்போது நினைக்கிறேன். எதிர்க்கடைக்காரர் நான் டாட்டா காட்டியதாகச் சொல்லியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

தெருமுனை திரும்பும்போது வண்டி ஆடவே இல்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது.

நான் ஸ்பானர்களைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். கை கழுவினேன். பட்டறையின் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள், தெரியவில்லை. யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டபோது, அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மேலே உள்ள வளைவில் இடது பக்க ஷாக் அடியில் கழன்று சக்கரத்துக்குள் போய்ச் செருகியிருக்கிறது. டீச்சர் அங்கேயே முடிந்துவிட்டாள். தம்பியை மரம் ஒன்று தடுத்திருக்கிறது. முதுகெலும்பு. இனி நடக்கமாட்டான் என்கிறார்கள்.

ஓடுகிற வண்டியில் அந்த அடிப்போல்ட்டின் நட்டு தானாகக் கழன்றிருக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்கு என் மேல் இரக்கம் இருப்பது தெரிகிறது. ஆனால் நான் இறுக்கிய நட்டு எதுவும் இன்றுவரை தானாகக் கழன்றதில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதை நான் இறுக்கவில்லை. விரலால் இரண்டு சுற்றுச் சுற்றி அப்படியே விட்டேன். தெரிந்துதான் விட்டேன்.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரே ஓர் உதவி. ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும் என்னை உள்ளே விடவேண்டாம் என்று நர்ஸிடம் கெஞ்சினானாம். நடைவழியில் என் குரல் கேட்டதற்கே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு இந்தப் பயநோய் இருக்கிறது என்று டாக்டர்களிடம் நான் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவனால் எழுந்து ஓடவும் முடியாது. இப்படிப் பயப்படுகிறவனைத் தனியாக விடக்கூடாது. என்னை அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவிடுங்கள், சரியாகிவிடுவான்.